வாசலில் வந்து நிற்கும் கடைவீதி

சங்கரன்கோவிலில் பெருநாள் துணி எடுப்பதென்றால் ஒரு காலத்தில் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ பஸ் ஏற வேண்டியிருந்தது. கைக்குழந்தையுடைய தாய்மார்கள் வீட்டிலேயே தங்கிவிடுவர். அவர்களுக்குரியதைப் பிறர் கண்களே தேர்ந்தெடுத்தன. இன்றோ கடைவீதியே கைபேசிக்குள் புகுந்து உங்கள் வாசலில் வந்து நிற்கிறது.

2007-இல் பெங்களூரில் புத்தக விற்பனையுடன் தொடங்கிய பிளிப்கார்ட், 2010-இல் பொருளைப் பெற்றுக்கொண்டு பணம் தரும் முறையைக் கொணர்ந்தது. முன்பணம் கேட்டிருந்தால் நம் சிற்றூர்கள் இந்த வாணிபத்தை இவ்வளவு விரைவில் நம்பியிருக்கமாட்டா என்பது என் எண்ணம். அமேசான் 2013-இல் இந்தியாவில் கடை விரித்தது. 2016-இல் யு.பி.ஐ. வந்தபின் சில்லறைத் தட்டுப்பாடும் குறைந்தது.

வாங்குவது மட்டுமா? கணவர் வளைகுடாவில் இருக்க, வீட்டுப் பத்திரங்களைக் காக்கும் பெண்கள் நம்மில் எத்தனை பேர்! வில்லங்க விவரத்தையும் பட்டா, சிட்டாவையும் தமிழக அரசின் இணையதளங்களில் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

நம்மூர் விசைத்தறி ஊர். சேலையோ, வீட்டில் இடித்த மசாலாப் பொடியோ விற்க விரும்பும் பெண்களுக்கு ஒரு செய்தி: ஜி.எஸ்.டி. வரம்புக்குட்பட்ட சிறு வியாபாரிகள், அந்தப் பதிவு இல்லாமலேயே இணைய அங்காடிகள் வழியாகப் பொருள் விற்க 1-10-2023 முதல் வழி திறந்திருக்கிறது. பான் எண்ணைக் கொண்டு ஒரு சேர்க்கை எண் பெற வேண்டும். விற்பனை நம் மாநிலத்துக்குள் இருக்க வேண்டும். உணவுப் பொருளாயின் அதற்குரிய உணவுப் பாதுகாப்புப் பதிவு தனி.

இனி, கசப்பான பக்கம். “இப்போது வாங்குங்கள், பிறகு செலுத்துங்கள்” என்ற பொத்தானை அழுத்துமுன் அடியிலுள்ள சிறிய எழுத்துகளைப் படியுங்கள். பல தவணைத் திட்டங்களில் வட்டி ஒளிந்திருக்கிறது. தெருமுனைக் கடைக்காரர் நோட்டில் எழுதிவைத்த கடனில் அது இருந்ததில்லை!

சென்ற ஆண்டு என் தங்கை ஒரு சுரிதார் துணி வரவழைத்தாள். படத்தில் பச்சை, வந்ததோ சாயம் போன சாம்பல் நிறம். திருப்பி அனுப்பச் சொல்லி அவள் அலைந்தது பத்து நாள். பொட்டலத்தைப் பிரிக்கும்போதே படம் எடுத்து வைத்திருந்ததால்தான் பணம் திரும்பியது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகாரை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்வு தருவது விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலரது கடமை. அவர் செவிசாய்க்காவிடில் 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணை அழையுங்கள். வழக்குத் தொடுக்கவும் வெளியூர் செல்ல வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே தொடுக்கலாம்.

பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை. “பணம் திருப்பித் தருகிறோம், எண்ணை அழுத்துங்கள்” என்பவன் திருடன். ஏமாந்துவிட்டால், வீட்டார் ஏசுவார்களே என்று மறைத்து வைக்காதீர்கள். அந்தக் கணமே 1930-க்குச் சொல்லுங்கள். பணம் கைமாறுமுன் முடக்கப்பட வாய்ப்பு உண்டு.