பதினாறாம் நாளுக்குப் பிறகு

கருமாதி முடிந்து, பந்தல் பிரித்து, வாடகைப் பாத்திரங்களும் நாற்காலிகளும் வண்டியேறிய மறுநாள் காலையில்தான் பல வீடுகளில் துக்கம் தன் வேலையைத் தொடங்குகிறது. அதுவரை அடுப்படியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், இரவில் பக்கத்தில் படுக்க ஓர் ஆள், அழுதால் தாங்கிப் பிடிக்க ஓர் ஆள் என்று வீடு நிறைந்திருந்தது. பதினேழாம் நாள் மகனுக்கு லீவு முடிகிறது. மகளுக்குப் பிள்ளைகளின் பரீட்சை. அறுபதைத் தாண்டிய அம்மாவோ அப்பாவோ தனியாக உட்கார்ந்திருக்கிறார்.

தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரு அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1967-ல் வாழ்க்கையில் வரும் 43 மாற்றங்களை எடுத்துக்கொண்டு, எது எவ்வளவு சுமை என்று புள்ளி போட்டார்கள். கல்யாணத்துக்கு 50. பணி ஓய்வுக்கு 45. முதலிடத்தில் 100 புள்ளியோடு நிற்பது கணவன் அல்லது மனைவியின் மரணம். ரிட்டயர் ஆன கொஞ்ச காலத்திலேயே துணையையும் இழப்பவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். அவர்களிடம் ஒரு பக்கம் "கோயிலுக்குப் போ" என்கிறோம், இன்னொரு பக்கம் "கவுன்சலிங் போ" என்கிறோம். இரண்டுமே தேவைப்படலாம். ஒன்றின் வேலையை இன்னொன்றின் தலையில் கட்டும்போதுதான் சிக்கல் வருகிறது.

அமாவாசையும் ஃப்ராய்டும்

சிக்மண்ட் ஃப்ராய்டு 1917-ல் துக்கத்தைப் பற்றி எழுதிய கட்டுரை மேற்கத்திய உளவியலை வெகுகாலம் ஆண்டது. இறந்தவர்மீது வைத்த பற்றை மனம் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிக்கொள்ள வேண்டும், அதுதான் துக்கம் செய்யும் வேலை என்பது அவர் கருத்து. போட்டோவோடு பேசிக்கொண்டிருப்பவரை "இன்னும் மீளவில்லை" என்று பார்க்கும் பழக்கம் இதிலிருந்து வளர்ந்தது.

1996-ல் டென்னிஸ் கிளாஸ், ஃபில்லிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் மூவரும் தொகுத்த ஒரு நூல் இந்த எண்ணத்தைக் கேள்வி கேட்டது. இறந்தவரோடு உறவு அறுவதில்லை, அதன் வடிவம் மாறுகிறது. அந்த உறவைப் பேணிக்கொண்டே நலமாக வாழ முடியும் என்றது அது. நம் வீடுகளில் இதைச் சொல்ல யாரும் நூல் எழுதியதில்லை. மாசிகம், தலைத்திவசம், ஆடி அமாவாசை, மஹாளய அமாவாசை என்று வரிசையாக நாள் குறித்து வைத்திருக்கிறோம். இறந்தவருக்குப் பிடித்த வாழைக்காய் வறுவலை இலையில் வைத்துவிட்டுக் காக்கைக்குக் காத்திருக்கிறோம். கிறிஸ்தவர்களுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள். இஸ்லாத்தில் கணவனை இழந்த பெண்ணுக்கு 4 மாதம் 10 நாள் இத்தா காலம். துக்கத்துக்குத் தவணை உண்டு, ஒரே மூச்சில் அது தீராது என்ற அறிவு இந்தச் சடங்குகளுக்குள் இருக்கிறது.

நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். நினைவு நாளில் நாலு பேருக்குச் சாப்பாடு போடலாம், அவர் நட்ட மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்காரலாம். ஏதாவது ஒரு நாளும் ஒரு செயலும் வேண்டும்.

காலையில் அழுகை, மதியம் கருவூலம்

மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷட் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1999-ல் ஒரு விளக்கம் தந்தார்கள். துக்கத்தில் இருப்பவர் இழப்பை நோக்கி ஒரு முறை போகிறார், புதிய வாழ்க்கையின் வேலைகளை நோக்கி ஒரு முறை வருகிறார். இப்படிப் போய்வருவதே ஆரோக்கியம். ஒரு பக்கத்திலேயே நின்றுவிடுவதில்தான் ஆபத்து.

இதை என் பெரியம்மாவிடம் கண்ணால் பார்த்தேன். கேஸ் இணைப்பு பெரியப்பா பெயரில் இருந்தது. சிலிண்டர் கொண்டுவரும் தம்பி வாசலில் நின்று "ஓடிபி சொல்லுங்கம்மா" என்பார். பெரியம்மா பூஜை அலமாரியில் சார்ஜ் போட்டு வைத்திருந்த பெரியப்பாவின் பட்டன் போனை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வோர் எண்ணாகப் படிப்பார். "உங்க பேருக்கு மாத்திடலாம் பெரியம்மா" என்றேன். "மாத்தலாம் கண்ணு, அதுக்கென்ன அவசரம்" என்று சொல்லிவிட்டு, அந்த போனுக்கு ரீசார்ஜ் பண்ணச் சொன்னார். அதே வாரம் இறப்புச் சான்றிதழை நகல் எடுத்துக்கொண்டு குடும்ப ஓய்வூதியத்துக்காகத் தனியாகக் கருவூலத்துக்குப் போய் வந்தவரும் அவர்தான்.

போனை வைத்திருப்பதைப் பார்த்து வீட்டில் சிலர் பயந்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை. அவர் வெளியே போகிறார், சாப்பிடுகிறார், காரியம் பார்க்கிறார். போன் அலமாரியில் இருந்துவிட்டுப் போகட்டும்.

"எல்லாம் அவன் செயல், அழாதே"

ஆன்மிகம் தவறாகப் பயன்படும் இடமும் உண்டு. மனக்காயத்தைத் தொடாமல் தாண்டிப் போவதற்கு ஆன்மிகத்தைக் குறுக்குவழியாக்கும் பழக்கத்தை ஜான் வெல்வுட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் அடையாளம் காட்டினார். அவர் இதைக் கண்டது தியானம் பழகுபவர்களிடம். நாம் இதை இழவு வீட்டிலேயே செய்கிறோம். "ஆத்மாவுக்கு அழிவில்லை, ஏன் அழுறீங்க", "நீ அழுதா அவருக்குச் சாந்தி கிடைக்காது" என்று சொல்லி வாயை அடைக்கிறோம். சொல்பவருக்கு நல்லெண்ணம்தான். கேட்பவருக்கோ அழுததே குற்றமாகிவிடுகிறது.

கடவுள்மேல் கோபம் வந்தவர்களை நாம் இன்னும் மோசமாக நடத்துகிறோம். கென்னத் பார்கமென்ட் குழுவினர் அமெரிக்காவில் உடல்நலம் குன்றிய 596 முதியவர்களை 2 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார், தன்மேல் அவருக்கு அன்பில்லை என்று உள்ளுக்குள் போராடியவர்கள் அந்தக் காலத்தில் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. ஆகவே "இனிமே விளக்கே ஏத்த மாட்டேன்" என்று ஒருவர் சொன்னால் பதறித் திருத்த வேண்டாம். உட்கார்ந்து முழுதாகக் கேளுங்கள். பொறுமையாகக் கேட்கும் குருக்களோ பாதிரியாரோ இமாமோ இருந்தால் அவரிடமும் பேச வையுங்கள்.

வளையலை உடைப்பது ஆன்மிகம் ஆகாது

சடங்கைப் புகழ்ந்துவிட்டு இதைச் சொல்லாமல் போனால் நேர்மை இல்லை. துக்கத்துக்கு நாள் குறித்துத் தந்த அதே மரபுதான், கணவனை இழந்த பெண்ணைக் கூட்டத்தின் நடுவில் உட்கார வைத்து வளையலை உடைக்கிறது, பூவைப் பறிக்கிறது, கல்யாண வீட்டில் தூணோரம் நிற்க வைக்கிறது. மனிதத் துணை மிகத் தேவைப்படும் நேரத்தில் ஒருவரை ஒதுக்குவது நோய்க்கு வழி வெட்டுவது. மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர் மாவட்டத்தில் ஹேர்வாட் என்ற கிராமம் 2022 மே மாதம் இந்தச் சடங்குகளுக்குத் தடை விதித்துத் தீர்மானம் போட்டது. கணவனை இழந்தவர் என்பதற்காக ஒரு பெண்ணைக் கோயிலுக்குள் விடாமல் தடுப்பதை ஏற்கவே முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் சொன்னது. ஊர் தீர்மானம் போடும்வரை உங்கள் வீடு காத்திருக்க வேண்டியதில்லை.

மனைவியை இழந்த ஆண்களை யாரும் ஒதுக்குவதில்லை. ஆனால் பிரஷர் மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாமல், அலுவலகத்தைத் தவிர வேறு சிநேகிதம் இல்லாமல் நிற்பவர்கள் அவர்கள். குடி கூடுகிறதா என்று பாருங்கள்.

ஜெபமும் மூச்சும்

உளவியலும் ஆன்மிகமும் உடம்பிலேயே சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. லூசியானோ பெர்னார்டி என்ற இத்தாலிய மருத்துவரின் குழு 23 பேரை வைத்துச் செய்த சிறு ஆய்வு 2001-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. லத்தீன் மொழியில் ஜெபமாலை சொன்னபோதும், ஒரு பௌத்த மந்திரத்தை உருப்போட்டபோதும் மூச்சு நிமிடத்துக்குச் சுமார் 6 முறையாகக் குறைந்தது. சாதாரணமாக இது 12-க்கும் மேல். அந்த வேகத்தில் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒன்றோடொன்று நன்றாக இசைந்தன. தூக்கம் வராமல் புரளும் இரவில், தெரிந்த நாமத்தையோ ஜெபத்தையோ நிதானமாக, வாக்கியம் முடியும்வரை மூச்சை மெல்ல விட்டுச் சொல்லிப் பாருங்கள். தினமும் 10 நிமிடம் போதும்.

மருத்துவர் தேவைப்படும் நேரம்

துக்கம் வந்த வாரங்களில் நெஞ்சு வலித்தால் "மனசு வலிதான்" என்று விட்டுவிடாதீர்கள். பெரும் மனஅதிர்ச்சியில் இதயத் தசை தற்காலிகமாகப் பலவீனமாகும் நிலையை ஜப்பானிய மருத்துவர்கள் 1990-ல் விவரித்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்களிடம் இது அதிகம். மாரடைப்பா இதுவா என்பது ஈசிஜி உள்ளிட்ட பரிசோதனைகளில்தான் தெரியும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் விட்டுப்போவதும் இந்த நாள்களில்தான்.

மாதங்கள் கடந்தும் அன்றாட வாழ்க்கையே நின்றுபோய், இறந்தவரைத் தவிர வேறு நினைப்பே இல்லாத நிலையை நீடித்த துக்கம் என்ற மனநலக் கோளாறாக இப்போது அங்கீகரித்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையில் 6 மாதமாவது தாண்டியிருக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2022 கையேட்டில், பெரியவர்களுக்கு ஓராண்டு. இதற்கென்று கேத்தரின் ஷியர் என்ற மனநல மருத்துவர் உருவாக்கிய பேச்சுச் சிகிச்சை 16 அமர்வுகள் கொண்டது.

பிரார்த்தனையை மருந்துக்குப் பதிலாக வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியைவிடப் பெரிய சாட்சி நமக்கு வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 அன்று, அங்குள்ள தர்காவை நம்பி அழைத்துவரப்பட்டு ஒரு தனியார் காப்பகத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். பிறகு அந்தத் தர்காவுக்கு வருபவர்களுக்கு, துஆ என்ற பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. யாரும் நம்பிக்கையை விட வேண்டியிருக்கவில்லை.

"நானும் கூடவே போயிடுறேன்" என்று ஒருவர் சொன்னால் அதைப் பேச்சுவாக்கில் வந்த சொல்லாக எடுத்துக்கொள்ளாமல் அன்றே உதவி தேடுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். உங்கள் உறவில் இந்த வருடம் துணையை இழந்தவர் யார் என்று யோசித்து, இன்றைக்கே ஒரு போன் போட்டுச் சாப்பிட்டாரா என்று கேளுங்கள்.