பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் புதிய கிராபிக்ஸ் கார்டு: மின்சாரம் போதுமா?

ஆபீஸ்களில் சில ஆண்டுகள் ஓடிய டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்கள் இப்போது செகண்ட் ஹேண்டாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. வீட்டிற்கு முதல் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் பலர் இவற்றைத் தேர்ந்தெடுக்கின்றனர். சில மாதங்கள் கழித்து, கேம்ஸ் விளையாடவோ வீடியோ எடிட்டிங் செய்யவோ கிராபிக்ஸ் கார்டு ஒன்றை இணைக்க ஆசை வருகிறது. கார்டு ஸ்லாட்டில் எளிதாக உட்கார்ந்துவிடும். சிக்கல் அதற்குத் தேவையான மின்சாரத்தில்தான் இருக்கிறது. சாஃப்ட்வேர் எஞ்சினியரான நானே இதில் தவறு செய்தேன்.

என் மாமா வீட்டில் இருந்தபடியே திருமண ஆல்பம் டிசைன் செய்து தருபவர். அவர் வாங்கியதும் இப்படி ஒரு ஆபீஸ் கம்ப்யூட்டர்தான். வீடியோ வேலையும் செய்ய வேண்டும் என்று கேட்டதால் 120 வாட் கார்டு ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். கார்டில் 6 பின் பவர் இணைப்பு இருந்தது. கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் அதற்கான ஒயர் இல்லை. ஹார்ட் டிஸ்க்கிற்கான சாட்டா பவர் ஒயரை 6 பின்னாக மாற்றித் தரும் சிறிய கேபிள் ஒன்று கடையில் கிடைத்தது. எஸ்.எம்.பி.எஸ். 275 வாட், பிராசசர் 77 வாட், கார்டு 120 வாட். கூட்டினால் 200 கூட வரவில்லையே என்று தைரியமாக இணைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் இரவு மாமா போன் செய்தார். "மாப்ளே, வீடியோ ரெண்டர் போட்டிருக்கேன். பெட்டிக்குள்ள பிளாஸ்டிக் கருகுற வாடை வருதுடா" என்றார். உடனே சுவிட்சை அணைக்கச் சொல்லிவிட்டுச் சென்று திறந்து பார்த்தேன். மாற்று கேபிளின் சாட்டா முனை உருகிப் போயிருந்தது. அதே ஒயரில் நான்கு அங்குலம் தள்ளி ஹார்ட் டிஸ்க். அதில் இரண்டு திருமணங்களின் படங்கள்; வேறு காப்பி இல்லை. நல்ல வேளையாக டிஸ்க் தப்பியது.

கணக்கில் எங்கே தவறு?

மொத்த வாட் கணக்கு சரிதான். அந்த மின்சாரம் எந்த வழியாகப் போகிறது என்பதைத்தான் நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு வழிக்கும் ஓர் எல்லை உண்டு.

மதர்போர்டில் உள்ள நீளமான பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரலாம். இதற்கு மேல் தேவைப்படும் கார்டுகளில் தனி இணைப்பு இருக்கும். 6 பின் இணைப்பு 75 வாட், 8 பின் இணைப்பு 150 வாட் என்பது விதி. சாட்டா பவர் முனையில் உள்ள 15 பின்களில் மூன்று மட்டுமே 12 வோல்ட் தருபவை. ஒவ்வொன்றும் தாங்குவது 1.5 ஆம்பியர். மூன்றும் சேர்ந்து 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். 75 வாட் வரை இழுக்க உரிமையுள்ள இணைப்பை 54 வாட் முனையில் மாட்டினால், சுமை ஏறும்போது அந்த மெல்லிய பின்கள் சூடாகும். பிளாஸ்டிக் உருகும். தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு.

சில ஆபீஸ் மாடல்களில் ஆபத்து இன்னும் அதிகம். வழக்கமான 24 பின் இணைப்புக்குப் பதிலாக, டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 மாடலில் 8 பின் இணைப்பு இருக்கும். எச்.பி. மாடல்கள் பலவற்றில் இது 6 பின்னாக இருக்கும். இவற்றில் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி 12 வோல்ட்டை மட்டும் தருகிறது. ஹார்ட் டிஸ்க்கிற்கான பவர், மதர்போர்டிலிருந்து சிறிய ஒயர் வழியாகப் போகிறது. அந்த ஒயரில் கிராபிக்ஸ் கார்டை மாட்டினால் மதர்போர்டே பழுதாகலாம்.

கார்டு வாங்கும் முன் செய்ய வேண்டியவை

1. கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்து, மின் ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கி எடுங்கள். பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்த பிறகு கேபினட்டைத் திறக்கவும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. உள்ளே உள்ள கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

2. எஸ்.எம்.பி.எஸ். மீது ஒட்டியுள்ள லேபிளைப் படியுங்கள். மொத்த வாட்டை விட, 12 வோல்ட் வரியில் உள்ள ஆம்பியர் முக்கியம். அதை 12 ஆல் பெருக்குங்கள். 16 ஆம்பியர் என்றால் 192 வாட். பிராசசருக்கும் கார்டுக்கும் சேர்த்து இதுதான் கிடைக்கும். 12 வோல்ட் வரிகள் இரண்டு இருந்தால் அப்படியே கூட்டிவிடாதீர்கள். இரண்டுக்கும் சேர்த்து அதிகபட்சம் எவ்வளவு என்று லேபிளிலேயே போட்டிருந்தால் அதையே எடுத்துக் கொள்ளுங்கள்.

3. அந்தப் பெட்டியிலிருந்து 6 பின் அல்லது 8 பின் கிராபிக்ஸ் ஒயர் வருகிறதா என்று பாருங்கள். பிராசசருக்கு அருகில் மாட்டும் 4 பின் அல்லது 8 பின் ஒயர் வேறு. அதைக் கார்டில் மாட்டக் கூடாது.

4. கம்ப்யூட்டர் மாடலுக்கான மேனுவலில், ஸ்லாட் எத்தனை வாட் தரும் என்று பாருங்கள். ஒல்லியான சிறிய கேபினட் மாடல்கள் சிலவற்றில் இது 75 வாட்டிற்கும் குறைவு.

எந்தக் கார்டு?

கிராபிக்ஸ் ஒயர் இல்லையென்றால், ஸ்லாட்டிலிருந்து மட்டுமே மின்சாரம் எடுக்கும் கார்டைத் தேடுங்கள். என்விடியா 2017ல் வெளியிட்ட ஜி.டி. 1030 கார்டுக்கு 30 வாட் போதும். 2019ல் வந்த ஜி.டி.எக்ஸ். 1650 கார்டு 75 வாட். 2024ல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3050 கார்டின் 6 ஜி.பி. மாடல் 70 வாட். ஒரே பெயரில் பல நிறுவனங்கள் கார்டு தயாரிக்கின்றன. 1650 கார்டுகள் சிலவற்றில் 6 பின் இணைப்பு உண்டு. எனவே பெட்டியில் உள்ள படத்தைப் பார்த்து வாங்கவும். ஒல்லியான கேபினட் என்றால் 'லோ புரொபைல்' வகை கார்டாக இருக்க வேண்டும்.

இதைவிடச் சக்தி வாய்ந்த கார்டு வேண்டுமென்றால் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியையே மாற்ற வேண்டும். மதர்போர்டில் 24 பின் இணைப்பு இருந்து, புதிய பெட்டி கேபினட்டில் பொருந்தினால் இது எளிது. இல்லையென்றால் மாற்று கேபிள், புதிய கேபினட் என்று செலவு ஏறிக்கொண்டே போகும்.

மாமாவின் கம்ப்யூட்டரில் இப்போது இணைப்பு ஒயர் தேவையில்லாத 75 வாட் கார்டு ஓடுகிறது. முதல் கார்டை விட வேகம் சற்றுக் குறைவுதான். "ரெண்டர் போட்டுட்டுத் தூங்கலாமாடா?" என்று கேட்டார். தூங்கலாம் என்று இந்த முறை தயங்காமல் சொல்ல முடிந்தது. படங்களுக்கு இன்னொரு டிஸ்க்கில் காப்பியும் எடுத்து வைத்திருக்கிறோம். உங்கள் கம்ப்யூட்டரிலும் கேபினட்டைத் திறக்கும் முன் அதை முதலில் செய்துவிடுங்கள்.