ஒரு விரற்கடைச் சாய்வு

படகு இன்னும் தண்ணீரைத் தொடவில்லை. கரையில் தள்ளுவண்டி மேல் நிற்கிறது. பாய் ஏற்றும் கயிற்றில் அளவுநாடாவைக் கட்டி உச்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதன் மறுமுனையை இழுத்துப் பிடித்தபடி ஒருவர் படகின் பின்விளிம்பில் குனிந்து எண்ணைப் படிக்கிறார். "இன்னும் ஒரு துளை ஏத்துடா" என்கிறார். முன்னால் நிற்பவர் பக்கக் கம்பியின் ஆணியைக் கழற்றி அடுத்த துளையில் மாட்டுகிறார். நாடா மறுபடி மேலே போகிறது. அன்றைக்குக் கடலில் அவர்கள் காட்டப்போகும் வேகத்தில் பெரும்பங்கு இந்த அரைமணி நேர வேலையில் இருக்கிறது.

பாய்மரம் பந்தக்கால் போல ஊன்றி நிற்பதல்ல. (இன்று அது அலுமினியத்திலோ கார்பனிலோ செய்த குழாய், பேர்தான் இன்னும் மரம்.) பிரான்சின் ஆந்த்ரே கொர்னு 1963இல் வடிவமைத்த 470 என்ற இருவர் படகையே எடுத்துக்கொள்ளலாம். 4.70 மீட்டர் நீளம் என்பதால் அந்தப் பெயர். 1976 முதல் ஒலிம்பிக்கில் ஓடுகிறது. அதில் மரத்தின் அடி ஒரு சிறு குழியில் சும்மா உட்கார்ந்திருக்கும். நிற்கவைப்பவை மூன்று கம்பிகள்: முன்னால் ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. பக்கக் கம்பிகளை ஷ்ரவுட் என்பார்கள். ஒன்றையொன்று இழுக்கும் இந்தக் கம்பிகளின் சமநிலைதான் பாய்மரத்தின் நிலை.

முதலில் பார்க்க வேண்டியது பின்சாய்வு. ஏழு மீட்டர் மரத்தை ஒரே ஒரு டிகிரி சாய்த்தால் உச்சி சுமார் 12 சென்டிமீட்டர் பின்னுக்குப் போய்விடும். பாயில் காற்று தள்ளும் மையமும் கூடவே பின்னுக்குப் போகும். சாய்வு மிஞ்சினால் படகு காற்றை நோக்கியே மூக்கைத் திருப்பும். சுக்கான் பிடித்தவர் அதோடு மல்லுக்கட்ட வேண்டும். சுக்கானைத் திருப்பிப் பிடிப்பதே தண்ணீரில் பிரேக் போடுவதுதான். மரம் முன்பக்கம் அதிகம் நிமிர்ந்தாலோ படகு காற்றைவிட்டு விலகி ஓடப் பார்க்கும். கையில் லேசான இழுப்பு மட்டும் தெரிகிற இடமே சரியான இடம். அந்த இடத்துக்கும் தவறான இடத்துக்கும் நடுவே சில சமயம் ஒரு விரற்கடைதான் வித்தியாசம்.

உச்சியிலிருந்து பின்விளிம்புவரை நாடாவால் எடுக்கும் இந்தச் சாய்வின் அளவை, முன்பாயை ஏற்றி இறுக்கிய பிறகே எடுக்க வேண்டும். புதிதாகக் கற்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். 470இல் முன்கம்பி மரத்தைக் கரையில் விழாமல் பிடித்துக்கொள்ள மட்டுமே. முன்பாய் ஏறியதும் அதன் முன்விளிம்புக்குள் ஓடும் கம்பி பாரத்தை வாங்கிக்கொள்ளும், முன்கம்பி தொய்ந்துவிடும். அதற்கு முன் அளந்த எண் பயனற்றது.

இடவலச் சாய்வைப் பார்ப்பது எளிது. அதே நாடாவை இருபக்கக் கம்பிகளும் படகில் மாட்டியிருக்கும் இடங்களுக்கு இழுத்து அளந்தால் இரண்டும் ஒன்றாக வர வேண்டும். பிறகு மரத்தின் அடியில் கண்ணை வைத்து, பாய் செருகும் பள்ளத்தின் வழியே மேலே பார்த்தால் கோணல் இருந்தால் தெரிந்துவிடும்.

மரத்தின் நடுவிலிருந்து இருபுறமும் கை நீட்டிப் பக்கக் கம்பிகளைத் தள்ளிப் பிடிக்கும் ஸ்ப்ரெடர்களில்தான் நுட்பம் அதிகம். அவை பின்னோக்கி மடங்கியிருந்தால், கம்பியை இறுக்க இறுக்க மரத்தின் நடுப்பகுதி முன்னால் வளையும். வளைந்தால் பெரிய பாயின் குழிவு குறைந்து தட்டையாகும். காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் விசை நான்கு மடங்காகும் என்பதால், பலத்த காற்றுக்கு இந்தத் தட்டைப் பாய்தான் வேண்டும்; மரமும் சற்றுப் பின்னால் சாய வேண்டும். மெல்லிய காற்றுக்கு நேர்மாறு. சென்னையில் கோடைக்காலக் காலையில் சோம்பலாக வீசும் காற்று மதியத்துக்கு மேல் கடற்காற்றாக வலுத்துவிடும். காலை அளவுகளோடு பிற்பகலில் இறங்குபவர் சிரமப்படுவார். இறுக்கத்தைக் கையால் அழுத்திப் பார்த்து ஊகிக்காமல், கம்பியில் மாட்டும் சிறு அளவுமானியால் படிப்பதே நல்லது. கை ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று சொல்லும்.

எல்லாப் படகுக்கும் கம்பி உண்டு என்றில்லை. சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் ஓட்டிய ஒருவர் படகு லேசர் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் மரம் இரண்டு குழாய்கள், ஒன்றில் ஒன்று செருகி, படகின் மேல்தளத் துளையில் இறக்கினால் முடிந்தது. கரையில் திருத்த எதுவும் இல்லை. மரத்தை வளைப்பது, பாயைத் தட்டையாக்குவது எல்லாம் ஓடும்போதே கயிறுகளால் செய்தாக வேண்டும்.

மரம் ஏற்றுமுன் தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று அண்ணாந்து பார்ப்பது முதல் கடமை. அலுமினியம், கார்பன் இரண்டுமே மின்சாரம் கடத்தும். நிமிர்ந்த மரத்தோடு படகைத் தள்ளிப்போய் மின்கம்பியில் பட்டு உயிர் போயிருக்கிறது. அடுத்து ஆணிகள். ஒவ்வொரு ஆணியின் வளையத்தின் மீதும் டேப் சுற்ற வேண்டும். ஒரு வளையம் கழன்றால் நடுக்கடலில் மரமே சாயும். கடைசியாகக் கம்பி. நுனியில், உலோகக் குப்பியோடு சேரும் இடத்தில்தான் இழைகள் அறுபடும். கண்ணுக்குத் தெரியாத அந்த அறுப்பைக் கண்டுபிடிக்க ஒரு துண்டுப் பஞ்சு போதும். கம்பியோடு பஞ்சை மெல்ல இழுத்துப் போக, எங்காவது ஒரு நூல் சிக்கி நின்றால், அந்தக் கம்பியோடு அன்றைக்குப் படகு இறங்கக் கூடாது.