“மாவு கொண்டாந்தியா?”

கேமராவைத் தூக்கிக்கொண்டு செஞ்சிப் பக்கம் போனால் எங்கெங்கே படம் எடுக்கலாம்? இதுதான் எனக்குக் கொடுத்த வேலை. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. அதில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். அன்றிலிருந்து செஞ்சி என்று அட்டையில் போட்டால் இதழ் விற்கும் என்று ஆசிரியர் குழுவுக்கு ஒரு நம்பிக்கை. நானும் போனேன், நாலு நாள் சுற்றினேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் தொண்டூர்தான் கைக்கு வருகிறது. ஆகவே மற்ற இடங்களை முதலில் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

கோட்டைக்கு நான் என்ன சொல்ல? ராஜகிரி எண்ணூறு அடி உயரம். மேலே பாறைப் பிளவின் மீது ஒரு சின்னப் பாலம், அதைத் தாண்டினால் ரங்கநாதர் கோயில், கீழே பொம்மை மாதிரி கல்யாண மகால். எல்லாரும் எடுக்கிற படம்தான், எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சங்கடம் மட்டும் உண்டு. படத்துக்கு உகந்த வெளிச்சம் இருக்கும்போது கதவு பூட்டியிருக்கும். கதவு திறந்திருக்கும்போது சூரியன் உச்சந்தலையில் நிற்கும். பிற்பகலில் ஒரு நேரத்துக்குப் பிறகு மலையேற விடமாட்டார்கள். முக்காலி வைக்க முன்அனுமதி வேண்டும். ட்ரோனை மறந்துவிடுங்கள். அதனால் என் யோசனை, கோட்டையை வெளியில் நின்று எடுப்பது. திருவண்ணாமலைச் சாலை கோட்டைக் குன்றுகளான ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில் போகிறது. விடியற்காலையில் அந்தச் சாலையோரம் நின்றால் டிக்கெட்டும் வேண்டாம், குரங்குத் தொல்லையும் இல்லை.

சித்திரை வெயிலில் வந்தவர்கள் இதை ஒரு கல் பாலைவனம் என்பார்கள். தப்பில்லை. குண்டுக்கல் மேல் குண்டுக்கல்லாக யாரோ அடுக்கிவிட்டுப் போன மாதிரி குன்றுகள், இடையில் கள்ளியும் காரையும். ஆனால் மார்கழி, தையில் வாருங்கள். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய ஏரிகளில் அதே குன்றுகள் தலைகீழாகத் தெரியும். மண்டகப்பட்டில் மகேந்திரவர்மனின் குடைவரை வாயிலில் நிற்கும் இரண்டு காவலர்களுக்காகவே ஒரு காலைப்பொழுதை ஒதுக்கலாம். செஞ்சிக்கு வர முடியாதவர்கள் புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்களைப் படம் எடுத்துக்கொள்ளலாம். அவை பிரெஞ்சுக்காரர் காலத்தில் செஞ்சியிலிருந்து போனவை. அங்கே செல்ஃபி எடுப்பவர்களில் நூற்றில் ஒருவருக்கு இது தெரிந்திருந்தால் ஆச்சரியம்.

சரி, தொண்டூர்.

ஊருக்குப் பக்கத்தில் ஒரு பாறைக்குன்று. பஞ்சனார்படி என்கிறார்கள். இயற்கையான பாறை ஒதுக்கில் சமணத் துறவிகளுக்காகக் கல்லைச் செதுக்கிச் சமமாக்கிய படுக்கைகள், அருகில் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டு. கி.பி. மூன்றாம் நூற்றாண்டு அளவினது என்கிறார்கள் கல்வெட்டு அறிஞர்கள். இளங்காயிபன் என்பவர் ஏவ, அகழூரைச் சேர்ந்த மோசி என்பவர் செய்துகொடுத்த இருக்கை என்பது அதன் செய்தி. அந்த அகழூர்தான் பக்கத்திலேயே இருக்கும் இன்றைய அகலூர். அங்கே இன்றும் சமணக் குடும்பங்கள் வாழ்கின்றன. ஆயிரத்தெழுநூறு வருடமாக ஓர் ஊர்ப்பெயர் ஓர் எழுத்து மட்டும் தேய்ந்து அதே இடத்தில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். சோழர் காலக் கல்வெட்டு ஒன்று, இங்கிருந்த வழுவாமொழிப் பெரும்பள்ளி என்ற சமணப் பள்ளியின் ஆசிரியருக்கும் மாணாக்கருக்கும் ஓர் ஊரும் ஒரு தோட்டமும் இரண்டு கிணறும் கொடுத்ததைச் சொல்கிறது. ராஜாதேசிங்கு பிறப்பதற்கு ஏழெட்டு நூற்றாண்டுக்கு முந்திய செஞ்சிச் சீமை இது.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. வெயில் ஏறிவிட்டது. கூட வந்த கல்லூரி மாணவன் பாறையைத் தடவித் தடவிப் பார்க்கிறான், ஒன்றும் தெரியவில்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கிழவி ஒருவர் எங்களைச் சிறிது நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுக் கேட்டார்:

“இன்னாப்பா, எழுத்து பாக்க வந்தியா? மாவு கொண்டாந்தியா?”

“மாவு எதுக்கு ஆயா?”

“இது இன்னா கேள்வி? பூசாம எப்படித் தெரியும்? முன்ன வந்தவங்கல்லாம் பூசித்தான் போட்டோ புடிச்சாங்க.”

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அதைச் செய்தவர்களில் நானும் ஒருவன். இங்கே இல்லை, வேறொரு மாவட்டத்தில், பதினைந்து வருடம் முன்பு. சாக்பீஸை எடுத்து எழுத்தின் மேல் ஓட்டி, பளிச்சென்று ஒரு படம் எடுத்து, அதை ஒரு கட்டுரையோடு வெளியிடவும் செய்தேன். பாராட்டினார்கள்.

மாவோ சுண்ணாம்போ மழையில் கரைந்து போய்விடும், இதில் என்ன குடி முழுகிவிட்டது என்று கேட்பவர்கள் உண்டு. எழுத்து தெரிந்தால்தானே ஊர்க்காரனுக்கு மதிப்பு தெரியும் என்றும் சொல்வார்கள். கேட்டுக்கொண்டேன். ஆனால் சாக்பீஸ் பிடித்த கை என்ன செய்கிறது என்று கொஞ்சம் யோசியுங்கள். தேய்ந்துபோன பாறையில் உளி விழுந்த கோடு எது, வெடிப்பு எது, வெயிலும் மழையும் அரித்த பள்ளம் எது என்று பழகிய கண்ணுக்கே சந்தேகம் வரும். சாக்பீஸ் அந்தச் சந்தேகத்தை அழித்துவிடுகிறது. எனக்கு எது எழுத்தாகப் பட்டதோ அதை நான் எழுதிவிடுகிறேன். அடுத்து வருபவர் நான் இழுத்த கோடுகளைப் படம் எடுக்கிறார். அந்தப் படம் ஆயிரம் பேர் கைபேசிக்குப் போகிறது. பாறையில் இருப்பது ஒன்று, ஊரெல்லாம் சுற்றுவது இன்னொன்று. தமிழ் பிராமியில் மெய்யெழுத்துக்கு வைக்கும் ஒரு புள்ளி கூடினாலும் குறைந்தாலும் படிப்பே மாறிவிடும். அந்தப் புள்ளியைத்தான் மாவு முதலில் அடைக்கிறது. இன்னும் துணிச்சலானவர்கள் பெயின்ட்டே அடித்துவிடுகிறார்கள். அது எந்த மழைக்கும் போகாது.

இத்தனைக்கும் மாவு தேவையே இல்லை. தேவைப்படுவது சாய்ந்த வெளிச்சம், அவ்வளவுதான். நேர் மேலிருந்து விழும் ஒளியில் பள்ளமும் மேடும் ஒரே நிறம். பக்கவாட்டில் பாறையை உரசிக்கொண்டு வரும் ஒளியில் ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு நிழல் விழும். அந்த நிழல்தான் எழுத்து. வெட்டவெளிப் பாறை என்றால் காலை வெயிலோ மாலை வெயிலோ இந்த வேலையைச் செய்யும். நிழலில் ஒதுங்கிய பாறை என்றால் கையில் ஒரு டார்ச் போதும்.

அன்றைக்கு அதைத்தான் செய்தோம். சாயங்காலம் வரை காத்திருந்தோம். மாணவன் வேட்டியை விரித்து மறைத்துக்கொண்டு நிற்க, நான் டார்ச்சைப் பாறையோடு பாறையாக ஒட்டிப் பிடித்தேன். முதலில் ஒன்றுமில்லை. விளக்கை ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்தினேன். ஒரு செங்குத்துக் கோடு எழுந்தது, அதன் பக்கத்தில் ஒரு வளைவு. இன்னும் கொஞ்சம் தாழ்த்தியதும் வரிசையாக எழுத்துகள் பாறையிலிருந்து மேலே வந்த மாதிரி நின்றன. உளி எங்கே ஆழமாக விழுந்தது, எங்கே வழுக்கியது என்பதுகூடத் தெரிந்தது. விளக்கை நிமிர்த்தினால் மறுபடி வெறும் பாறை. ஆடுகளை ஓட்டிக்கொண்டு இறங்கிய ஆயா நின்று எட்டிப் பார்த்தார். “அட, மாவு இல்லாமயே வந்துடுச்சே” என்றார்.

இந்தப் பித்து பிடித்த பிறகு மற்ற இடங்களையும் டார்ச் கண்ணோடுதான் பார்த்தேன். செஞ்சியை ஒட்டிய திருநாதர்குன்றில், பாறை முகத்தில் இரண்டு வரிசையாகப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராக இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள். நேர் வெயிலில் எடுத்தால் அச்சில் வார்த்த மாதிரி எல்லாரும் ஒன்றாக இருப்பார்கள். ஒளி சாயட்டும், வேறுபாடு தெரியும். அதே குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த இடத்தைச் சொல்லும் கல்வெட்டு உண்டு. வட்டெழுத்து உருவாகத் தொடங்கிய காலத்து எழுத்து அது. பாறையின் மேலே ஏறி உட்கார்ந்து போஸ் கொடுப்பதை அங்கே யாரும் தடுப்பதில்லை. அதுதான் கவலையாக இருக்கிறது.

கோட்டைக்குக் காவல் உண்டு, கம்பிவேலி உண்டு, இப்போது உலகப் பெயரும் உண்டு. தொண்டூருக்கு ஆடு மேய்க்கும் ஆயாதான் உண்டு. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுப் பத்து பேர் அங்கே போனால் அதில் எனக்கும் பொறுப்பு இருக்கிறது. எழுதாமல் விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

போகிறவர்கள் ஒரு டார்ச்சும், வெளிச்சத்தை மறைக்க ஒரு துண்டும் எடுத்துப் போங்கள். தண்ணீர் பாட்டில் குடிப்பதற்கு மட்டும், பாறையில் ஊற்றுவதற்கு அல்ல. ஆயாவைப் பார்த்தால், மாவு கொண்டுவரவில்லை என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.