பதவி உயர்வுக்கு மனநலத் தேர்வா?

அமெரிக்காவில் வீட்டுப் பொருள்களை வாடகைக்கு விடும் ரென்ட்-ஏ-சென்டர் நிறுவனத்தில் மேலாளர் பதவியை விரும்பிய ஊழியர்கள் ஆளுமைத் தேர்வு எழுத வேண்டியிருந்தது. 12 'விலகல்'களுக்கு மேல் பெற்றவருக்குப் பதவி உயர்வு கிடையாது.

தேர்வின் 502 வினாக்கள், மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவாகி 1943-இல் வெளியான ஆளுமை வினாப்பட்டியலைச் சேர்ந்தவை. அது மனநோயை அறிவதற்காக வகுக்கப்பட்டது. நல்ல விற்பனையாளரை அறிவதற்காக அன்று.

தொழில்சார் குணங்களையே அளந்ததாக நிறுவனம் வாதிட்டது. 2005-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மனநலக் குறைபாட்டை வெளிப்படுத்தக்கூடிய அத்தேர்வு மருத்துவப் பரிசோதனையே என்றும், பதவி உயர்வுக்கு அதைப் பயன்படுத்தியது மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்கு முரணானது என்றும் தீர்ப்பளித்தது.

மிகச் சரியான தீர்ப்பு. கணக்கில் பிழை செய்ததாகக் கூறினால் ஊழியர் ஏட்டைக் காட்டி மறுக்கலாம். 'உன் இயல்பு பொருந்தவில்லை' என்றால் எதைக் காட்டுவார்?