ஒன்பது ஆட்டம், ஒன்பது தோல்வி: இந்தக் கணக்கை நம்பலாமா?

சென்ற வாரம் ஓய்வு நேரத்தில் என் வகுப்பு மாணவன் ஒருவன் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தான். மாவட்ட அளவிலான காற்பந்துப் போட்டியில் பக்கத்துப் பள்ளியிடம் எங்கள் பள்ளி தோற்றுவிட்டது. "அவங்கள நாங்க ஜெயிச்சதே இல்ல டீச்சர். இனிமேலும் முடியாது" என்றான். "இதுவரை எத்தனை முறை மோதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். "மூணு தடவ" என்றான்.

அவனுக்கு நான் சொன்ன பதிலைக் கடைசியில் சொல்கிறேன். இதே வாதத்தை அமெரிக்காவில் இலட்சக்கணக்கான இரசிகர்கள் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறார்கள். அதற்குள் நல்ல அறிவியல் பாடம் ஒன்று ஒளிந்திருக்கிறது. முதலில் அதைப் பார்ப்போம், மாணவர்களே.

பல்கலைக்கழகக் காற்பந்து

அமெரிக்கக் காற்பந்து நாம் ஆடும் காற்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்க்க வேண்டும். இதற்கு 'டச் டவுன்' என்று பெயர். அதற்கு 6 புள்ளிகள். அதன் பிறகு பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்துவிட்டால் மேலும் 1 புள்ளி.

அங்கே பல்கலைக்கழக மாணவர்கள் ஆடும் ஆட்டத்திற்கே பெருங்கூட்டம் கூடும். கொலம்பஸ் நகரில் உள்ள ஓஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அரங்கில் 100,000 பேருக்கு மேல் அமரலாம். நம் புக்கிட் ஜாலில் அரங்கைவிட அது பெரியது.

பல்கலைக்கழக அணிகள் 'கான்ஃபரன்ஸ்' எனப்படும் லீக்குகளாகப் பிரிந்து ஆடுகின்றன. ஓஹாயோ ஸ்டேட் இருப்பது 'பிக் டென்' லீக்கில். தென் மாநில அணிகளின் லீக்கை 'எஸ்.இ.சி.' என்பார்கள். ஒவ்வோர் அணியும் பருவத்தில் பெரும்பாலும் தன் லீக் அணிகளுடன்தான் மோதும். பருவ முடிவில் நடக்கும் 'பவுல்' ஆட்டங்களில் வேறு லீக் அணிகளைச் சந்திக்கும். அதனால் எந்த லீக் வலிமையானது என்று ஒப்பிட, மிகச் சில ஆட்டங்களே கைவசம் இருக்கும். இரண்டு தீவுகளை இணைக்க ஓரிரு பாலங்கள் மட்டும் இருப்பது போன்ற நிலை இது.

இப்போது வாதத்துக்குக் காரணமான பட்டியலைப் பாருங்கள். எஸ்.இ.சி. அணிகளுடன் ஓஹாயோ ஸ்டேட் ஆடிய முதல் ஒன்பது பவுல் ஆட்டங்கள் இவை. புள்ளிகளில் முதலில் வருவது ஓஹாயோ ஸ்டேட்டின் எண்.

1978: அலபாமா, நியூ ஆர்லியன்ஸ், 6-35
1990: ஆபர்ன், தம்பா, 14-31
1993: ஜார்ஜியா, ஆர்லாண்டோ, 14-21
1995: அலபாமா, ஆர்லாண்டோ, 17-24
1996: டென்னசி, ஆர்லாண்டோ, 14-20
2001: சவுத் கரோலைனா, தம்பா, 7-24
2002: சவுத் கரோலைனா, தம்பா, 28-31
2007: ஃபுளோரிடா, கிளெண்டேல், 14-41
2008: எல்.எஸ்.யு., நியூ ஆர்லியன்ஸ், 24-38

ஒன்பதிலும் தோல்வி. "ஓஹாயோ ஸ்டேட்டால் எஸ்.இ.சி. அணிகளை வெல்லவே முடியாது" என்று எதிர்த்தரப்பு இரசிகர்கள் கேலி செய்தார்கள். "வெறும் துரதிர்ஷ்டம்" என்றார்கள் ஓஹாயோ இரசிகர்கள். யார் சொன்னது சரி? நான்கு கேள்விகள் கேட்டுப் பார்ப்போம்.

கேள்வி 1: எத்தனை ஆட்டம்?

ஒரு நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் வெற்றி, மறுபக்கம் தோல்வி. ஒன்பது முறை சுண்டினால் ஒன்பதும் தோல்வியாக விழுவதன் நிகழ்தகவு என்ன? ஒவ்வொரு முறையும் இரண்டில் ஒன்று. ஆகவே ½ என்பதை ஒன்பது முறை பெருக்க வேண்டும். விடை 512இல் 1. இது மிகவும் அரிது. எனவே இரு தரப்பும் சரிசமம், எல்லாமே துரதிர்ஷ்டம் என்ற வாதம் வலுவானதாகத் தெரியவில்லை.

அப்படியானால் ஓஹாயோ ஸ்டேட்டின் வெற்றி வாய்ப்பு சுழியமா? அதுவும் இல்லை. அந்த அணிக்கு ஒவ்வோர் ஆட்டத்திலும் 30 விழுக்காடு வாய்ப்பு இருந்தது என்று வைத்துக்கொள்வோம். தோற்கும் வாய்ப்பு 0.7. அதை ஒன்பது முறை பெருக்கினால் ஏறக்குறைய 0.04, அதாவது 25இல் 1. இது நடக்கக்கூடியதுதான்.

புள்ளியியலில் 'மூன்றின் விதி' என்று ஒரு சுருக்கு வழி உண்டு. ஒன்றை n முறை சோதித்தும் ஒருமுறைகூட நிகழவில்லை என்றால், அதன் உண்மையான வாய்ப்பு 3/n வரைகூட இருக்கலாம். இது 95 விழுக்காடு நம்பகத்தோடு சொல்லப்படும் மேல் எல்லை. நம் கணக்கில் 3/9, அதாவது 33 விழுக்காடு. எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது இந்த விதி சற்றுக் கூடுதலாகவே காட்டும். துல்லியமாகக் கணக்கிட்டால் 28 விழுக்காடு வரும். ஆக, பத்து ஆட்டத்தில் இரண்டு மூன்றை வெல்லக்கூடிய அணிகூட இப்படி ஒன்பது முறை தோற்றிருக்கலாம்.

இது விளையாட்டுக்கு மட்டும் உரிய விதியன்று. ஒரு புதிய மருந்தை 300 பேருக்குக் கொடுத்து, ஒருவருக்கும் பக்கவிளைவு ஏற்படவில்லை என்றால் அந்த மருந்து முற்றிலும் பாதுகாப்பானதா? மூன்றின் விதிப்படி 3/300, அதாவது 100இல் ஒருவருக்குப் பக்கவிளைவு வரக்கூடிய வாய்ப்பை இன்னும் ஒதுக்கிவிட முடியாது. அதனால்தான் மருந்துகளை ஆயிரக்கணக்கானோரிடம் சோதிக்கிறார்கள். 'இதுவரை நடக்கவில்லை' என்பதும் 'நடக்காது' என்பதும் ஒன்றல்ல.

கேள்வி 2: எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள்?

1988இல் ஓஹாயோ ஸ்டேட் தன் சொந்த அரங்கில் எல்.எஸ்.யு. அணியை 36-33 என்று வென்றது. எல்.எஸ்.யு. எஸ்.இ.சி. அணிதான். ஆனால் அது பவுல் ஆட்டம் அன்று என்பதால் பட்டியலில் இல்லை.

1987இலும் 1999இலும் டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியைப் பவுல் ஆட்டங்களில் ஓஹாயோ ஸ்டேட் வென்றது. அவையும் பட்டியலில் இல்லை. அந்த அணி எஸ்.இ.சி.யில் சேர்ந்தது 2012இல்தான். லீக் என்பதே மாறிக்கொண்டிருக்கும் ஒன்று. பெயரில் 'டென்' என்று பத்தை வைத்திருக்கும் பிக் டென் லீக்கில் இன்று 18 அணிகள் இருக்கின்றன!

2011 ஜனவரியில் இன்னொரு வேடிக்கை நடந்தது. எஸ்.இ.சி.யைச் சேர்ந்த ஆர்கன்சா அணியை ஓஹாயோ ஸ்டேட் 31-26 என்று வென்றது. ஆனால் சில ஆட்டக்காரர்கள் விதிகளை மீறியிருந்தது வெளியானதால், அந்தப் பருவத்தின் வெற்றிகளை அதே ஆண்டு ஜூலையில் பல்கலைக்கழகம் பதிவிலிருந்து நீக்கிக்கொண்டது. விதிப்படி யார் வென்றவர் என்று கேட்டால் அந்த வெற்றி செல்லாது. அன்று திடலில் யார் அதிகப் புள்ளி எடுத்தார்கள் என்று கேட்டால் விடை வேறு. கேள்வி மாறினால் தரவும் மாறும்.

எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதும் முக்கியம். 1978 முதல் 2008 வரை எண்ணினால் வெற்றியே இல்லை. 2015 ஜனவரி முதல் 2025 ஜனவரி வரை, பருவத்திற்குப் பிந்திய ஆட்டங்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். எஸ்.இ.சி. அணிகளுடன் ஆறு ஆட்டங்கள். மூன்று வெற்றி, மூன்று தோல்வி. ஒரே பல்கலைக்கழகம்தான். சன்னலை நகர்த்தினால் காட்சி மாறுகிறது.

இன்னொன்றையும் யோசியுங்கள். பள்ளிச் சபைகூடலில் 1,000 மாணவர்கள் ஆளுக்கு ஒன்பது முறை நாணயம் சுண்டினால், சராசரியாக இரண்டு பேருக்கு ஒன்பதும் தோல்வியாக விழும். மற்ற 998 பேரைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். அந்த இருவரைத்தான் 'ராசி இல்லாதவர்கள்' என்று பேசுவோம். நூற்றுக்கும் அதிகமான அணிகள், பல லீக்குகள், பல்லாண்டு ஆட்டங்கள் என்று இருக்கும்போது, எங்காவது ஒரு வியப்பான பட்டியல் தென்படத்தான் செய்யும். அது நம் காதுக்கு வருவதே அது வியப்பாக இருப்பதால்தான்.

கேள்வி 3: மற்றவை எல்லாம் சமமா?

தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று ஆரம்பப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். இந்த ஒன்பது ஆட்டங்களை ஓர் ஆராய்வாக நினைத்து, இடங்களின் பெயர்களை மீண்டும் பாருங்கள். நியூ ஆர்லியன்ஸ் இரண்டு முறை, தம்பா மூன்று, ஆர்லாண்டோ மூன்று. நியூ ஆர்லியன்ஸ் லூசியானாவில் உள்ளது. மற்ற இரண்டும் ஃபுளோரிடாவில் உள்ளன. எஸ்.இ.சி. அணிகளின் சொந்த வட்டாரம் அது. ஒன்பதில் எட்டு ஆட்டங்கள் அங்கேதான் நடந்தன. 2007 ஆட்டம் மட்டும் அரிசோனாவில் நடந்தது.

கொலம்பஸிலிருந்து இந்த ஊர்கள் 1,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கின்றன. 2008இல் எதிரணியான எல்.எஸ்.யு. அமைந்துள்ள பேட்டன் ரூஜ் நகருக்கும் நியூ ஆர்லியன்ஸுக்கும் இடையே ஏறக்குறைய 130 கிலோமீட்டர்தான். கோலாலம்பூரிலிருந்து மலாக்காவுக்குப் போகும் தூரத்தைவிடக் குறைவு. ஆக, இடம் என்ற மாறி கட்டுப்படுத்தப்படவில்லை.

அதற்காகத் தோல்விக்கு இடம்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. ஆர்கன்சாவை வென்றதும் நியூ ஆர்லியன்ஸில்தான். இடத்தின் பங்கை இந்தத் தரவிலிருந்து பிரித்தெடுக்க முடியாது என்பதே சரியான முடிவு.

வெற்றி, தோல்வி என்று மட்டும் எழுதினாலும் தகவல் தொலைந்துவிடும். ஒன்பதில் நான்கு தோல்விகள் 7 புள்ளிக்குள் அடங்கியவை. ஒரே ஒரு டச் டவுன் இடைவெளி. 27, 29 புள்ளி இடைவெளியில் தோற்ற ஆட்டங்களும் உண்டு. பட்டியலில் எல்லாம் ஒரே 'தோல்வி' என்றே பதிவாகின்றன.

கேள்வி 4: ஆடியது அதே அணியா?

முதல் தோல்விக்கும் ஒன்பதாவது தோல்விக்கும் இடையே 30 ஆண்டுகள். பல்கலைக்கழக மாணவர் ஒருவர் நான்கைந்து ஆண்டுகள்தான் அணியில் இருப்பார். இந்த ஒன்பது ஆட்டங்களில் பயிற்றுநர்களே மூன்று பேர்: வுடி ஹேய்ஸ், ஜான் கூப்பர், ஜிம் டிரெஸ்ஸல். சட்டையின் நிறமும் பெயரும் ஒன்றுதான். உள்ளே இருந்தவர்கள் வேறு வேறு.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், பழைய பட்டியல் புதியவர்களின் வாய்ப்பைப் பாதிக்கக்கூடும். 2014 பருவத்தில் தேசிய வெற்றியாளரை முடிவு செய்ய ஒரு தேர்வுக்குழு நான்கு அணிகளை மட்டும் தேர்ந்தெடுத்தது. நான்காவது இடம் ஓஹாயோ ஸ்டேட்டுக்குக் கிடைத்தது. பேய்லர், டி.சி.யு. அணிகளின் இரசிகர்கள் கொதித்துப்போனார்கள். ஓஹாயோ ஸ்டேட்டின் முதல் இரண்டு குவார்ட்டர்பேக்குகளும் காயமடைந்திருந்தனர். பந்தை எறிந்து ஆட்டத்தை வழிநடத்தும் அந்தப் பொறுப்பு மூன்றாம் நிலையில் இருந்த கார்டேல் ஜோன்ஸ் கைக்கு வந்தது. எதிரணி, முதலிடத்தில் இருந்த எஸ்.இ.சி. அணியான அலபாமா. ஆட்டம் நடந்த இடம் அதே நியூ ஆர்லியன்ஸ்.

பழைய பட்டியலைப் பார்த்துப் பந்தயம் கட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? 2015 ஜனவரி 1 அன்று ஓஹாயோ ஸ்டேட் 42-35 என்று வென்றது. பதினொரு நாள் கழித்து ஓரிகன் அணியையும் 42-20 என்று வென்று தேசிய வெற்றியாளரானது. ஜோன்ஸ் பிறந்தது 1992இல். பட்டியலின் முதல் இரண்டு தோல்விகள் அவர் பிறப்பதற்கு முன்பே நடந்தவை. ஒன்பதாவது தோல்வியின்போது அவருக்கு 15 வயது. ஏறத்தாழ உங்கள் வயது.

அப்படியானால் எஸ்.இ.சி.யின் வலிமை வெறும் கட்டுக்கதையா? இல்லை. 2006 முதல் 2012 வரை ஏழு பருவங்களிலும் தொடர்ந்து எஸ்.இ.சி. அணிகளே தேசிய வெற்றியாளர்கள். அந்தக் காலத்தில் அது வலுவான லீக் என்பதற்கு அது நல்ல சான்று. அறிவியல் முறை எந்தத் தரப்பையும் தாங்கிப் பேசாது. சான்று எவ்வளவு தூரம் நம்மைக் கொண்டு செல்கிறதோ, அவ்வளவு தூரம் மட்டுமே போகச் சொல்லும்.

மூன்று தோல்விக்கு வருவோம்

இப்போது என் மாணவனுக்குச் சொன்ன பதில். "இரண்டு பள்ளியும் சரிசமம் என்று வைத்துக்கொள். மூன்று ஆட்டத்திலும் நாம் தோற்பதற்கு வாய்ப்பு எவ்வளவு?" என்று கேட்டேன். ½ என்பதை மூன்று முறை பெருக்கி, "எட்டில் ஒன்று" என்றான். நாணயம் சுண்டினாலே எட்டில் ஒரு முறை நேரக்கூடியதை வைத்து, 'முடியாது' என்று எப்படித் தீர்ப்பு எழுதுவது? மூன்றின் விதியைப் போட்டால் 3/3, அதாவது 100 விழுக்காடு. துல்லியமாகக் கணக்கிட்டாலும் மேல் எல்லை 63 விழுக்காடு. நம் பள்ளிதான் பலமான அணி என்ற வாய்ப்பைக்கூட அந்த மூன்று தோல்விகளால் ஒதுக்க முடியவில்லை!

"அப்ப நாங்க நல்ல டீமா டீச்சர்?" என்றான். "அதுவும் தெரியாது. மூன்று ஆட்டம் போதாது. இன்னும் ஆடுங்கள்" என்றேன்.

செய்து பாருங்கள்: இன்று வீட்டில் ஒரு நாணயத்தை 100 முறை சுண்டி, விடைகளை வரிசையாக எழுதுங்கள். ஒரே பக்கம் தொடர்ந்து விழுந்த மிக நீண்ட வரிசை எவ்வளவு என்று எண்ணுங்கள். பெரும்பாலும் ஐந்துக்குக் குறையாது. நாணயத்திற்கு எதிரணியும் கிடையாது, பயிற்றுநரும் கிடையாது. அடுத்த முறை 'இவர்கள் வென்றதே இல்லை', 'அந்த வகுப்புக்குக் கணிதமே வராது' என்று யாராவது சொன்னால், அந்தத் தாளை எடுத்துப் பாருங்கள். பிறகு நான்கு கேள்விகளையும் கேளுங்கள்: எத்தனை முறை? எதைச் சேர்த்தார்கள்? மற்றவை சமமா? அதே ஆட்களா?