சாற்றுக்குள் ஒரு தூண்டில்

ஒரு செடியின் இலையை அரைத்துச் சாறு எடுக்கிறோம். அதில் நூற்றுக்கணக்கான வேதிப்பொருள்கள் இருக்கும். அவற்றுள் மருந்தாகக்கூடியது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நம் மூளையில் நரம்புச் செய்தியைக் கடத்தும் பொருள்களுள் ஒன்று அசெட்டைல்கோலின். வேலை முடிந்ததும் அதை ஒரு நொதி சிதைத்துவிடும். அல்சைமர் என்னும் மறதி நோயில் அசெட்டைல்கோலின் குறைகிறது. நொதியைச் சற்றே தடுத்தால், இருப்பதையாவது காக்கலாம் அல்லவா? அப்படித் தடுக்கும் பொருளே நொதித் தடுப்பான். ஸ்நோடிராப் என்னும் குளிர்நாட்டுச் செடியில் 1950-களில் கண்டறியப்பட்ட காலன்டமின் இத்தகையது. 2001-இல் அமெரிக்கா இதை மருந்தாக ஏற்றது. இது நோயைப் போக்காது, அறிகுறிகளைத் தணிக்கும்.

சாற்றைப் பிரிக்க வண்ணப்பிரிகை முறை உண்டு. சுண்ணத்தூள் நிரப்பிய குழாயில் இலையின் நிறப்பொருள்களைப் பிரிக்கும் இம்முறையை ருஷ்யத் தாவரவியலார் மிகயீல் ஸ்வெட் 1906-இல் விளக்கினார். ஆனால் பிரிந்தவற்றுள் எது தடுப்பான் என்று குழாய் சொல்லாது. ஒவ்வொன்றாகச் சோதிக்க நெடுநாள் பிடிக்கும்.

இங்கேதான் நானோ துகள்கள் உதவுகின்றன. மேக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடின் நுண்துகள்கள் மீது நொதியைப் பிணைத்துச் சாற்றில் கலக்கிறார்கள். நொதியே தூண்டில் இரை! அதனோடு ஒட்டும் தன்மையுள்ளவை ஒட்டிக்கொள்ளும். குழாயின் வெளியே காந்தத்தை வைத்தால் துகள்கள் சுவரோரம் சேரும். சாற்றைக் கொட்டிவிட்டு, துகள்களைக் கழுவி, ஒட்டியவற்றை வேறொரு கரைப்பானால் விடுவித்து வண்ணப்பிரிகைக் கருவிக்கு அனுப்புகிறார்கள். நூற்றுக்கணக்கில் இருந்தவை இப்போது சிலவே.

துகள் ஏன் அவ்வளவு சிறிதாக இருக்கவேண்டும்? 1 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் பரப்பு 6 சதுர செ.மீ. அதையே 10 நானோமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டர்! நான்கு கபடி ஆடுகளங்களைவிடப் பெரிது. நொதிக்கு எவ்வளவு இடம், பாருங்கள். மேலும், இவ்வளவு சிறிய மேக்னடைட் துகள்கள், காந்தத்தை அகற்றியதும் தம் காந்தத்தன்மையை இழந்துவிடும். ஆகவே ஒன்றையொன்று இழுத்துக் கட்டியாகாமல் மீண்டும் கரைசலில் பரவும்.

ஆனால் ஒட்டியதெல்லாம் தடுப்பானா? இல்லை. துகளின் மீது சும்மா ஒட்டியவையும் இருக்கலாம். எனவே, சூடாக்கிச் செயலிழக்கச் செய்த நொதியைக் கொண்டும் அதே சோதனையை நடத்துகிறார்கள். இரண்டிலும் சிக்கியதன்மீது ஐயம் கொள்ளவேண்டும். செயல்படும் நொதியில் மட்டும் சிக்கியது, நொதியை உண்மையில் தடுக்கிறதா என்று தனியே அளக்கப்படும். அதன்பின்னும் மருந்தாவதற்குப் பல ஆண்டுச் சோதனைகள் உண்டு. 'இந்த மூலிகையில் மருந்து இருக்கிறது' என்று யாரேனும் சொன்னால், 'எந்தப் பொருள்? எதனோடு ஒப்பிட்டீர்கள்?' என்று கேளுங்கள். அறிவியலின் முதல் கேள்விகள் அவைதாம்.